காலியாக விட்ட கட்டம்

விழிதியூர்
11.5.1986

இளையபெருமாளுக்கு,

விழிதியூரிலிருந்து லோகாம்பாள் எழுதுவது. எந்த லோகாம்பாள் என்று உன் அம்மா குஞ்சம்மாளைக் கேட்டால் சொல்வாள். உன் அப்பனுக்கு முதலில் கழுத்தை நீட்டியவள். அந்த மனுஷன் என் வீட்டுப் படியை விட்டு இறங்கி இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் உங்கள் வீட்டுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுவதும் உறவு கொண்டாட இல்லை.

என் இளைய மகள் அஞ்சுகம் நர்ஸ் பயிற்சிப் பரீட்சைக்கு மனு போட்டிருந்தாள். இந்த ஊரில் நான்கு பெண்கள் போட்டார்கள். மூன்று பேருக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை. ஜூலை ஆறாம் தேதி பரீட்சை. ஆகஸ்டில் இவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் மனு வாங்க மாட்டார்கள். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

காரைக்கால் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த ஆள் தாள் தாளாகப் புரட்டிவிட்டு, "மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல போட்டு வர்ற லிஸ்ட்டுங்க இது. இதுல இல்லாட்டி நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றான்.

அப்போதுதான் எனக்கு மாசி மகம் நினைவுக்கு வந்தது. திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் பெருமாள் இறங்குகிற நேரம். எனக்கு ஆறடி முன்னால் உன் அம்மா நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், "நர்சு பரீட்சைக்கு எம் புள்ள தட்டுனாத்தான் லிஸ்ட்டுல பேரு வரும்" என்றாள். பச்சைக் கரை போட்ட சேலை கட்டியிருந்தாள். சொல்லும்போது கையைத் தட்டிக் காட்டினாள்.

ஆக, தட்டுகிறவன் நீ. மூவாயிரம் நாலாயிரம் பேர் பெயரைத் தட்டினவனுக்கு என் பெண் பெயரில் மட்டும் கை கூசிவிட்டதா? இவளை நான் வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோதே அங்கே உனக்குத் தொட்டில் கட்டிவிட்டார்கள். அந்தத் தொட்டிலுக்கு வெட்டியது என் கொல்லைப் பூவரசு. அதற்கும் நான் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. இதைக் கேட்காமல் விடமாட்டேன்.

உன் விலாசம் வாங்க மூன்று பேரிடம் பல்லைக் காட்டினேன். பதில் எழுது.

லோகாம்பாள்


சென்னை
17.5.1986

மதிப்பிற்குரிய பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். நான் அப்படிச் செய்யக்கூடியவன் இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. ஆகையால் வேலை எப்படி நடக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மனுக்களை எங்கள் கம்பெனியில் டைப் அடிக்கிற பெண்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஒரு மனுவுக்கு ஒரு வரி. அந்த வரிகளைப் படித்துப் பட்டியலும் ஹால் டிக்கெட்டும் அச்சடிப்பதற்கு ஒரு புரோகிராம், அதாவது மெஷினுக்கான ஆணைத் தொகுப்பு, எழுத வேண்டும். அதை எழுதியவன் நான். பெயர்களை நான் தட்டுவதில்லை, பார்ப்பதும் இல்லை. அம்மா ஊரில் எதையாவது கூட்டிச் சொல்லியிருப்பார்கள். அதற்காக வருந்துகிறேன்.

மெஷினுக்கு உறவும் தெரியாது, பகையும் தெரியாது. விழிதியூர் என்றால் அதற்கு ஒன்பது எழுத்து, பத்து எழுத்து, அவ்வளவுதான். ஒருவர் பெயர் வரவில்லை என்றால் மனு தாமதமாகப் போயிருக்கும், கையெழுத்து விட்டுப்போயிருக்கும், போட்டோ ஒட்டாமல் இருந்திருக்கும். பெரும்பாலும் அப்படித்தான். மனுவை யார் நிரப்பினார்கள், எப்போது அனுப்பினீர்கள் என்று எழுதினால் விசாரித்துப் பார்க்கிறேன்.

அஞ்சுகத்துக்கு என் அன்பைச் சொல்லவும்.

த. இளையபெருமாள்


விழிதியூர்
24.5.1986

இளையபெருமாளுக்கு,

என்னைப் பெரியம்மா என்று எழுதாதே. அன்பையும் நீயே வைத்துக்கொள். உனக்கு நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

கேட்டாய், சொல்கிறேன். மனுவை நிரப்பியது அஞ்சுகம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது நான். நீல மை. போட்டோ கோந்து போட்டு ஒட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்து அழுத்தினேன். கையெழுத்து இரண்டு இடத்தில். பிப்ரவரி பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு ரிஜிஸ்தர் தபாலில் போட்டோம். கிடைத்தது என்று கையெழுத்தான அட்டை இருபத்திரண்டாம் தேதி திரும்பி வந்தது. அது என் பெட்டியில் இருக்கிறது. தப்பு எங்கள் பக்கம் என்று கை கழுவப் பார்க்காதே.

நீ பதில் எழுதியதோடு நான் சும்மா இருக்கவில்லை. இந்த வாரம் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காரைக்கால் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தேன். ஹால் டிக்கெட் வரவில்லை என்று வேறு யார் வருகிறார்கள் பார்ப்போம் என்று. எட்டுப் பேர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். என்ன மை, எந்தத் தேதி, யார் நிரப்பியது, எந்தத் தபால் ஆபீஸ். ஒருத்தி கறுப்பு மை, ஒருத்தி பென்சிலில் எழுதி மேலே மை ஓட்டியிருக்கிறாள். ஒருவன் கையிலேயே கொண்டு போய்க் கொடுத்தவன். எதுவும் ஒத்துவரவில்லை. வியாழக்கிழமைதான் பிடிபட்டது.

நிரவியிலிருந்து அமீர் நிஷா என்று ஒரு பெண் வந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கப்படி மேரி என்கிற நகராட்சி ஆபீசில் பிறப்பு எழுதிய காகிதத்தில் அதற்கு வெறும் பெயர்தான், முன்னால் எழுத்து இல்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படியே ஏறிவிட்டது. கன்னியாஸ்திரிகள் வளர்த்த பிள்ளைகள் இரண்டு. அதுகளுக்கு அப்பன் யார் என்றே தெரியாது. மற்ற ஐந்து பேரையும் மறுபடி நினைத்துப் பார்த்தேன். முகமும் பெயரும் எனக்கு மறக்காது. எட்டுப் பேரில் ஒருவருக்கும் தலைப்பெழுத்து இல்லை.

என் மகளுக்கும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது கோவிந்தராசு வாத்தியார் அப்பா பெயர் என்ன என்று கேட்டார். இவள் என் பெண், அஞ்சுகம் என்று மட்டும் எழுதுங்கள், முன்னால் ஒரு எழுத்தும் வேண்டாம் என்றேன். மனுவிலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னேன். விட்டாள்.

உன் மெஷினுக்குப் பகை தெரியாது என்றாய். அப்பன் இல்லாததுகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறதே, அது யார் சொல்லிக்கொடுத்து?

லோகாம்பாள்


சென்னை
30.5.1986

லோகாம்பாள் அவர்களுக்கு,

எப்படி விளித்து எழுதுவது என்று தெரியவில்லை. மன்னிக்கவும்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றே மதியம் சாப்பிடப் போகாமல் பார்த்தேன். வந்த மனுக்கள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அச்சான ஹால் டிக்கெட் நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்து. பதினேழு குறைகிறது. இந்த இரண்டு எண்களையும் நான் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பதினேழு பேருக்கும் தலைப்பெழுத்து இல்லை. நீங்கள் சொன்னது சரி. தப்பு என்னுடையது.

எப்படி என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். டைப் அடிக்கும் பெண் ஒரு மனுவுக்கு ஒரு வரி அடிப்பாள் என்றேன். அந்த வரியில் முதலில் புரோகிராமின் பெயர் வரும். பிறகு சின்னக் கோடு போட்டு ஒரு இங்கிலீஷ் எழுத்து. அந்த எழுத்து, எனக்கு அடுத்து வருவது இன்னது என்று சொல்கிற எழுத்து. கோடு போட்டு ஐ என்றால் அடுத்து வரும் சொல் இனிஷியல். கோடு போட்டு என் என்றால் அடுத்து வரும் சொல் பெயர். கோடு போட்டு சி என்றால் ஊர். இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க நான் எழுதியிருந்தேன்.

அஞ்சுகத்தின் வரியில் ஐ இருந்தது. அதற்கு அடுத்து ஒன்றும் இல்லை, ஏனென்றால் கட்டம் காலி. ஆனால் என் புரோகிராம் அடுத்து எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அடுத்து இருந்தது, பெயர் வருகிறது என்று சொல்கிற அந்த என். அதையே இனிஷியல் என்று எடுத்து வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த அஞ்சுகம் என்ற சொல்லுக்கு முன்னால் அடையாளம் எதுவும் மிச்சமில்லை. பெயரா ஊரா என்று சொல்ல ஆள் இல்லாத சொல். அப்படி ஒரு சொல் வந்தால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ என்று எழுதியிருந்தேன். போய்விட்டது.

எடுக்கும் முன் அடுத்த சொல் கோட்டில் தொடங்குகிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. விட்டுப்போன வரியைத் திரையில் காட்டச் சொல்லி முதலில் எழுதியிருந்தேன். பரீட்சை ஆபீசிலிருந்து பெரியவர்கள் பார்க்க வந்த அன்று திரை சுத்தமாக இருக்கட்டும் என்று அதை எடுத்தேன். மறுபடி போடவில்லை. போட்டிருந்தால் பதினேழு பேரும் பிப்ரவரியிலேயே கண்ணில் பட்டிருப்பார்கள்.

இதை இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னை இங்கே நிரந்தரம் ஆக்கவில்லை. ஜூலையில்தான் முடிவு செய்வார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வழி இருக்கிறது. அஞ்சுகத்தின் வரியில் ஐக்குப் பிறகு டி என்று நான் ஒரே ஒரு எழுத்து அடித்தால் போதும். ஹால் டிக்கெட் வந்துவிடும். யாருக்கும் தெரியாது. பொய்யும் இல்லை, அவள் அப்பா பெயர் தங்கையன்தான். மற்றவர்களின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது, அவர்களுக்கு என்ன செய்வது என்று பிறகு யோசிக்கலாம். உங்கள் சம்மதம் மட்டும் வேண்டும். சரி என்று ஒரு கார்டு போட்டால் அன்றே செய்துவிடுவேன்.

இளையபெருமாள்


விழிதியூர்
5.6.1986

இளையபெருமாளுக்கு,

பெரியம்மா என்று எழுதாதே என்றால் பெயர் சொல்லி எழுதுகிறாய். உன் வயசு எனக்குத் தெரியும். பங்குனியில் பிறந்தவன்.

உன் கடிதத்தை மூன்று நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். முதல் நாளே முடியாது என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பிறகு கொல்லையில் அவள் பழைய கேள்வித் தாளை வைத்துக்கொண்டு எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்வதைப் பார்த்தேன். ஹால் டிக்கெட் வரும் வரும் என்று நான் சொன்னதை நம்பிப் படிக்கிறாள். பேனாவை வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் கார்டு வாங்கி, சரி என்று எழுதவும் எழுதினேன். தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். கார்டு அடுப்புக்குப் போயிற்று.

அந்த எழுத்து என் மகள் பெயருக்கு முன்னால் வரக்கூடாது. அறுபத்துமூன்று தை, அறுவடை முடிந்து களம் காயவில்லை. அந்த மனுஷன் துணிமூட்டையோடு போனபோது இவளுக்கு ஒன்றரை வயசு, அம்மை வார்த்துக் கிடந்தாள். பிள்ளையைத் தொட்டுவிட்டாவது போ என்று வாய்விட்டுச் சொன்னேன். என் வாழ்க்கையில் கெஞ்சியது அந்த ஒரு தடவை. தொற்றிக்கொள்ளும் என்று வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். தொடாதவர் எழுத்து அவளைத் தொட வேண்டாம்.

நீ விளக்கி எழுதியது எனக்குப் புரியாது என்று நினைக்காதே. ஆள் வராத இலையில் சோற்றைப் போட்டுவிட்டு, பக்கத்து இலைக்காரனை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறாய். அனுப்பியது தெரியக்கூடாது என்று பந்தலில் விளக்கையும் அணைத்தாய். இப்போது என் மகளை மட்டும் கொல்லை வழியாக வரச்சொல்கிறாய்.

மற்ற பதினாறு பேர்? அமீர் நிஷா நிரவிக்குப் பஸ் ஏறும்போது என்னிடம், "உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சா எனக்கும் சொல்லுவீங்களா" என்று கேட்டது. சொல்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். சொன்ன சொல்லை வழியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் உன் வீட்டில் உண்டு, எனக்குக் கிடையாது.

உன் மேலாளிடம் போய்ச் சொல். இந்த மாதம் பதினைந்துக்குள் சொல்லவில்லை என்றால் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே காரைக்கால் ஆபீசுக்குப் போவேன். தப்பு என்னுடையது என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

லோகாம்பாள்


சென்னை
11.6.1986

பெரியம்மாவுக்கு,

நீங்கள் கோபித்துக்கொண்டாலும் இனி இப்படித்தான் எழுதுவேன். வேறு சொல் எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை எங்கள் மேலாளர் சிதம்பரநாதனிடம் சொல்லிவிட்டேன். உங்கள் மிரட்டலுக்குப் பயந்து என்றும் வைத்துக்கொள்ளலாம். பதினேழு பெயரையும் ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். எப்படி நடந்தது என்று பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் பதினைந்து வருஷம் இருப்பவர். எப்போது தெரிந்தது என்று கேட்டார். மே இருபத்தேழு என்றேன். சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தப்பு செஞ்சதுக்குக் கூட வேலையில வெச்சுக்கலாம்யா. பதிமூணு நாள் உள்ள வெச்சிருந்த பாரு, அதுக்கு வெச்சுக்க முடியாது" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினேழு பேருக்கும் அன்றே அவசரத் தபால் போயிற்று. தங்கள் பெயரையும் தலைப்பெழுத்தையும் மறுபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தலைப்பெழுத்து இல்லாதவர்கள் இல்லை என்றே எழுதலாம். புரோகிராமையும் மாற்றிவிட்டேன். ஐக்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றால் இப்போது அது நின்று கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் இல்லை என்றே எடுத்துக்கொண்டு பெயருக்குப் போகும். நானே பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன். விட்டுப்போகிற வரியைத் திரையில் காட்டுவதையும் திரும்பப் போட்டுவிட்டேன். ஒரு குறை. மற்ற ஊர்களில் பரீட்சை எழுதும் இடங்களை ஒதுக்கி முடித்துவிட்டதால் இந்தப் பதினேழு பேரும் சென்னைக்கு வந்துதான் எழுத வேண்டும்.

இந்த மாதத்தோடு எனக்கு இங்கே வேலை இல்லை. அம்மாவுக்கு இன்னும் எழுதவில்லை.

நீங்கள் அந்த எழுத்தைப் பற்றி எழுதியதைப் படித்தேன். எனக்கு அது உண்டு, அஞ்சுகத்துக்கு இல்லை, அதனால் எனக்கு யோகம் என்று நினைக்கிறீர்கள். நான் திருமலைராயன்பட்டினத்தில் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அப்பாவைத் தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். த. இளையபெருமாள் என்று சொன்னேன். தங்கையனுக்கு எந்த சம்சாரத்துப் பையன் என்று கேட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'ரெண்டு' என்றே ஆயிற்று. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் அதுதான். உங்களிடம் சொல்லி ஆறுதல் தேட இதை எழுதவில்லை. அந்த எழுத்து இருந்தாலும் ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இளையபெருமாள்


விழிதியூர்
21.6.1986

இளையபெருமாளுக்கு,

நேற்று மதியம் ஹால் டிக்கெட் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு நானே வாங்கினேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டாய். பெரிய எழுத்து ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், ரேஷன் கடை போர்டிலும் பஸ்ஸிலும் பார்த்துப் பழகியதுதான். அஞ்சுகத்துக்கு ஏ முதலில் வர வேண்டும். இதில் டி முதலில் நிற்கிறது. பக்கத்தில் ஒரு புள்ளி. நீங்கள் கேட்ட தாளை அவளே எழுதிப் போட்டாள், இல்லை என்றுதான் எழுதியிருப்பாள்.

வேலை போகிறது என்றானதும் போகிற போக்கில் செய்துவிட்டுப் போகலாம் என்று தோன்றிவிட்டதா? உனக்கு வேலை போயிற்று என்று படித்த அன்று ஒரு வேளை சோறு எனக்கு இறங்கவில்லை. அதை நினைத்தால் இப்போது என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. வேண்டாம் என்று அத்தனை எழுதியும் உங்கள் ரத்தம் புத்தியைக் காட்டிவிட்டது. என் மூத்த மகளின் மூன்று பிள்ளைகளும் வீட்டில் இருந்ததுகள், நான் தாளைச் சுருட்டி வீசியதைப் பார்த்துப் பயந்து போய்விட்டதுகள்.

அஞ்சுகம் எடுத்து நீவிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. இதை எடுத்துவிட்டு வேறு அனுப்பு. முடியாது என்றால் அதையும் எழுது. இவளைப் பரீட்சைக்கே அனுப்பாமல் இருக்கவும் எனக்குத் தெரியும்.

லோகாம்பாள்


சென்னை
24.6.1986

பெரியம்மாவுக்கு,

நான் செய்யவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டாம், காகிதத்தை நம்புங்கள். பதினேழு பேரிடமிருந்தும் வந்த தாள்கள் ஒரு கோப்பில் இருக்கின்றன. பதினாறில், தலைப்பெழுத்து இல்லை என்று எழுதியிருக்கிறது. ஒன்றில் மட்டும் இருக்கிறது. அதை அப்படியே பார்த்து எழுதி அனுப்புகிறேன்:

'என் தகப்பனார் பெயர் தங்கையன். என் தலைப்பெழுத்து த. முன்பு அனுப்பிய மனுவில் இது விட்டுப்போயிற்று. இனி எல்லாக் காகிதங்களிலும் த. அஞ்சுகம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதை யாரும் சொல்லி நான் எழுதவில்லை.'

கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. அவளே எழுதியிருக்கிறாள். கீழே கையெழுத்து, பதினான்காம் தேதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் இருந்தால் அதுவும் பதிமூன்று நாள் கணக்கில் சேர்ந்துவிடும் போலிருக்கிறது. எண்பத்துமூன்று ஐப்பசியில் அப்பா இறந்த அன்று அஞ்சுகம் வந்திருந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனையில் சைக்கிள் கடை ஓரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். முகத்தைப் பார்த்ததும் எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அப்பா முகம் அப்படியே. நான் கொள்ளிச் சட்டியோடு முனையைத் தாண்டியபோது குடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. அப்புறம் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை, எழுதிக்கொண்டதும் இல்லை.

பரீட்சைக்கு அனுப்பாமல் இருக்காதீர்கள். என்மேல் இருக்கிற கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இளையபெருமாள்


விழிதியூர்
28.6.1986

இளையபெருமாளுக்கு,

உன் கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். நான் உனக்கு எழுதி வந்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முழுவதும் படித்தாள். இந்தத் தாளை நீதான் எழுதினாயா என்று கேட்டேன்.

"நான்தாம்மா எழுதினேன். அது நீ விட்ட கட்டம்மா. நான் விடல" என்றாள்.

அந்த மனுஷன் உனக்கு என்ன செய்தார் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றாள். மாவாட்டப் போய்விட்டாள்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். உன் அப்பன் இறந்த நாளை என்னைக் கேட்டால் காலை முதல் சொல்லுவேன். ஆள் வந்து சொன்னது எட்டு மணி. நான் போகவில்லை. அஞ்சுகத்துக்கு நானே சொன்னேன், சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. டைப்ரைட்டிங் கிளாசுக்கு நேரமாயிற்று என்று குடையை எடுத்தாள். அப்பன் சாவைவிடக் கிளாஸ் பெரிதாகப் போயிற்று பார், நான் வளர்த்த வளர்ப்பு என்று எனக்குள் ஒரு நிமிர்வு. மத்தியானம் தொப்பலாக நனைந்து வந்தாள். குடை எடுத்துக்கொண்டு போயும் ஏன் நனைந்தாய் என்று கேட்டேன். ஓட்டைக் குடை என்றாள். அடுத்த வாரமே புதுக் குடை வாங்கிக் கொடுத்தேன். மூன்று வருஷமாக அந்த நாள் எனக்கு அப்படியே இருந்தது. இனி அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உன்னை நான் தப்பாகச் சொன்னது இரண்டு தடவை. முதல் தடவை சொன்னதில் பாதி சரி. இரண்டாம் தடவை சொன்னதில் ஒன்றும் சரியில்லை. மன்னிப்பு கேட்க எனக்கு வராது. வேலை போனதற்கு நான் காரணம் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். உன் அம்மாவுக்கு நீயே எழுது. ஊரில் வேறு யார் வாயாலாவது கேட்டால் அவள் தாங்கமாட்டாள். அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும்.

அமீர் நிஷாவுக்கும் ஹால் டிக்கெட் வந்துவிட்டதாம். அதற்குத் துணையாக அதன் அண்ணன் மன்சூர் அலி வருவதாக இருந்தது, அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இங்கே ஆற்றில் தண்ணீர் வந்து நாற்று விட்டிருக்கிறது, நான் ஒரு நாள் கூட நகர முடியாது. அப்படியே வந்தாலும் மெட்ராஸில் எனக்கு வடக்கு தெற்கு தெரியாது. ஆகையால் இரண்டு பெண்களும் தனியாகத்தான் வருகிறார்கள். சனிக்கிழமை ஐந்தாம் தேதி காலை ஆறு மணி பஸ். மாலை நாலு மணிக்குள் பாரிமுனை பஸ் ஸ்டாண்டில் இறங்குவார்கள் என்று கண்டக்டர் சொன்னார். தங்குவதற்குக் கன்னியாஸ்திரிகளின் விடுதிக்குச் சீட்டு வாங்கியிருக்கிறேன். விலாசம் அவளிடம் இருக்கிறது.

நீ மூன்றரைக்கே போய் நில். விடுதியில் கொண்டுபோய் விடு. மறுநாள் காலை பரீட்சை நடக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. உள்ளே போகும் வரைக்கும் ஒன்றும் பேசி அவளைக் குழப்பாதே, மனப்பாடம் செய்தது கலைந்துவிடும். முடிந்ததும் இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டு எனக்கு ஒரு கார்டு போடு. வீட்டுப் பக்கம் வர வேண்டாம். அதற்கு எனக்கு இன்னும் நாள் வேண்டும்.

அவள் என்ன நிறச் சேலை, கையில் என்ன பை என்று எழுதலாம் என்று எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியும்.

லோகாம்பாள்